கருகல் சுவை தரும் எச்சரிக்கை: மின்சிகரெட்டின் காயிலும் நமது நுரையீரலும்

இருமலுடன் நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு வரும் இளைஞர்களிடம் புகைப்பழக்கம் உண்டா எனக் கேட்டால், "சிகரெட் இல்லை டாக்டர், வேப் மட்டும்தான்" என்னும் விடை இப்போது அடிக்கடி கிடைக்கிறது. தொடர்ந்து பேசும்போது கருவியைப் பற்றிய ஐயங்களையும் அவர்கள் கேட்கின்றனர். இழுக்கும்போது கருகல் வாடை வருகிறது, திரவம் வாய்க்குள் கசிகிறது, சூடான துளி நாக்கில் தெறிக்கிறது, சில நாட்களிலேயே காயில் கறுத்துவிடுகிறது. காயிலை மாற்றினால் இவையெல்லாம் சரியாகிவிடுமா என்பதே அவர்களது கேள்வி.

கருவி சரியாகிவிடும். ஆனால் அந்தக் குறைபாடு ஒவ்வொன்றும் நுரையீரலுக்குள் என்ன சென்றுகொண்டிருந்தது என்பதற்கான அடையாளம் ஆகும். அதனைப் புரிந்துகொண்டால், காயிலை மாற்றுவதால் எது தீரும், எது தீராது என்பது தெளிவாகும். பழக்கத்தைப் புதிதாகத் தொடங்கியோருக்கும், பிள்ளையின் பையில் இக்கருவியைக் கண்டு கலங்கி நிற்கும் பெற்றோருக்கும் அந்தத் தெளிவைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தியாவில் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் ஆகிய அனைத்தும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன. ஆயினும் கருவி பலரது கைகளில் இருக்கிறது என்பதும் உண்மை. மறைவாக நடக்கும் பழக்கத்தின் தீங்குகள் மறைவாகவே வளரும். எனவே வெளிப்படையாகப் பேசுவது நலம்.

கருவி இயங்கும் முறை

அகல் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எண்ணெய், திரி, சுடர் ஆகிய மூன்றும் உள்ளன. மின்சிகரெட்டிலும் ஏறத்தாழ இதே அமைப்புதான். எண்ணெய்க்குப் பதிலாக ஒரு திரவம். அதனை உறிஞ்சி வைத்திருக்கப் பஞ்சுத் திரி. சுடருக்குப் பதிலாகப் பேட்டரியால் சூடேறும் மெல்லிய கம்பிச் சுருள். இச்சுருளையே பயன்படுத்துவோர் காயில் என்கின்றனர். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலப்புலோகம், அல்லது நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்ரோம், அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றால் அது செய்யப்படுகிறது.

திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகிய இரண்டுமே. முன்னதன் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ். பின்னதன் கொதிநிலை 290 டிகிரி. இவற்றுடன் நிகோடினும், மாம்பழம், புதினா போன்ற சுவையூட்டிகளும், சிலவற்றில் இனிப்பூட்டியும் கலக்கப்படுகின்றன.

வெளிவருவது நீராவி என்று பலர் எண்ணுகின்றனர். அது நீராவி அன்று. சூட்டில் ஆவியாகிய வேதிப்பொருள்கள் குளிர்ந்து உருவாகும் நுண்துளிப் படலம். "ஆஸ்துமாவுக்கு நீங்கள் தரும் நெபுலைசரிலும் புகை போலத்தானே வருகிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. நாம் பொதுவாகப் பயன்படுத்தும் நெபுலைசர் மருந்தைச் சூடாக்குவதில்லை. அழுத்தக் காற்றால் அதனைத் துளிகளாகச் சிதறடிக்கிறது. அம்மருந்தும் நுரையீரலுக்கென்றே தயாரிக்கப்பட்டு, கிருமி நீக்கப்பட்டு, சோதிக்கப்பட்டது. மின்சிகரெட்டின் திரவத்தில் உள்ளவை பல உண்ணும் பொருள்களாக ஏற்கப்பட்டவை. உண்ணும் பொருள் குடலையும் கல்லீரலையும் கடந்து குருதியை அடைகிறது. சுவாசிக்கும் பொருளுக்கு அந்தக் காவல் இல்லை. மிக மெல்லிய காற்றறைச் சுவரை அது நேரடியாகத் தொடுகிறது. ஆகவே உண்ணத் தகுந்தது என்பதால் ஒரு பொருள் சுவாசிக்கவும் தகுந்தது ஆகிவிடாது.

குறைபாடு 1: கருகல் சுவை

புதிதாகத் தொடங்கியோர் மிகுதியாகக் கூறும் குறை இது. எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரி கருகுவதைப் போன்றதே இங்கும் நிகழ்கிறது. திரி நனைந்திருக்கும் வரை, காயிலின் வெப்பம் திரவத்தை ஆவியாக்குவதில் செலவாகிறது. எனவே சூடு ஓர் எல்லைக்குள் நிற்கும். அடுப்பில் உள்ள பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை பாத்திரம் கருகாததைப் போல. திரி காய்ந்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. வெப்பம் விரைவாக ஏறி, எஞ்சிய திரவம் சிதைகிறது, பஞ்சும் கருகுகிறது.

திரி காய்வதற்குக் காரணங்கள் சில. புதிய காயிலின் பஞ்சு முழுதும் நனையுமுன் பயன்படுத்துவது. இடைவெளியின்றி அடுத்தடுத்து இழுப்பது. காயில் தாங்கும் அளவைவிட மின்திறனைக் கூட்டி வைப்பது. கிளிசரின் மிகுந்த கெட்டியான திரவம் திரியில் மெதுவாக ஊறுவது. திரவம் தீரும் நிலையில் இருப்பது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகள் பலவற்றில் திரவம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கவே இயலாது. கருகல் சுவை வந்த பிறகே அது தீர்ந்தது தெரியும்.

சிதையும் திரவத்திலிருந்து ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் ஆகிய நச்சுப்பொருள்கள் பிறக்கின்றன. வாணலியில் எண்ணெய் மிகுதியாகக் காய்ந்துவிட்டால் எழும் புகை கண்ணைக் கரிக்கச் செய்து இருமலை வரவழைக்கிறதல்லவா? அந்தக் கரிப்புக்கு முதன்மைக் காரணம் அக்ரோலின்தான். காய்ந்த காயிலில் கிளிசரின் சிதையும்போதும் அதே பொருள் உருவாகிறது. சமையலறையில் நாம் சன்னலைத் திறந்து விலகிச் செல்கிறோம். இங்கோ ஆழ்ந்து இழுத்து உள்ளே நிறுத்துகிறோம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களை அக்ரோலின் செயலிழக்கச் செய்கிறது. உடற்கூறியல் கூடங்களில் உடல்களைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின், ஃபார்மால்டிஹைடின் நீர்க்கரைசலே. அது மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது.

இது குறித்து 2015ஆம் ஆண்டு நடந்த ஒரு விவாதம் அறியத்தக்கது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கருவியை இருவேறு மின்னழுத்தங்களில் இயக்கிப் பார்த்தனர். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளியிடும் சேர்மங்கள் தென்படவில்லை. 5 வோல்ட்டில் அவை கணிசமாகத் தென்பட்டன. அதே ஆண்டு வேறு ஆய்வாளர்கள், ஆல்டிஹைடுகள் பெருமளவில் உருவாவது திரி காய்ந்த நிலையில்தான் என்றும், அப்போது எழும் கருகல் சுவையைப் பயன்படுத்துவோர் உணர்ந்து தவிர்த்துவிடுவர் என்றும் எடுத்துக்காட்டினர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பாடம் தெளிவானது. கருகல் சுவை என்பது வெறும் சுவைக்கேடு அன்று. நச்சு உருவாகிவிட்டது என்னும் அறிவிப்பு. பழகியவர் உடனே நிறுத்திவிடுவார். புதியவருக்கோ எது இயல்பான சுவை, எது பழுதின் சுவை என்பதே தெரியாது. தொண்டை கரித்தாலும் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று நண்பர் கூறியதை நம்பித் தொடர்ந்து இழுப்பார்.

குறைபாடு 2: கசிவும் களகள ஒலியும்

முதற் குறைக்கு நேர்மாறானது இது. காயிலைச் சுற்றித் திரவம் தேவைக்கு மேல் தேங்கிவிட்டால், இழுக்கும்போது களகளவென்ற ஒலி கேட்கும்; வாய்ப்பகுதியிலும் அடியிலும் திரவம் கசியும். காயில் சரியாகப் பொருந்தாமை, உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருத்தல், மிக வேகமாக உறிஞ்சுதல், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கருவியை விட்டுவைத்தல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

இதில் உண்மையான ஆபத்து திரவத்தில் உள்ள நிகோடின். அது தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் நிகோடின் கொண்ட திரவங்களும் புழக்கத்தில் உள்ளன. அத்தகைய 10 மில்லிலிட்டர் குப்பி ஒன்றில் 500 மில்லிகிராம் நிகோடின் இருக்கும். ஒரு சிகரெட்டைப் புகைப்பவர் உடலில் சேர்வது ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். இனிப்பு மணம் வீசும் அத்திரவத்தை ஒரு குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

வாந்தி, உமிழ்நீர் பெருகுதல், வியர்வை, முகம் வெளுத்தல், நடுக்கம், பின்னர் வலிப்பு ஆகியவை நிகோடின் நஞ்சின் அறிகுறிகள். திரவம் தோலில் பட்டிருந்தால் நனைந்த ஆடையை அகற்றிவிட்டு, ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கச் செய்ய முயலாதீர்கள். உடனே 108 எண்ணை அழைத்து, குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

குறைபாடு 3: தெறிக்கும் சூடான துளிகள்

தேங்கிய திரவம் காயிலில் திடீரெனக் கொதிக்கும்போது, ஈரக் கடுகு எண்ணெயில் தெறிப்பதைப் போலத் துளிகள் வாய்க்குள் தெறிக்கும். உதடு, நாக்கு, அண்ணம் ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள் தோன்றலாம். குளிர்ந்த நீரால் வாயைக் கொப்பளித்தால் பெரும்பாலும் போதும். வாய்ப்புண் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாவிட்டால், காரணம் எதுவென்று நீங்களே முடிவு செய்யாமல், வாயை மருத்துவரிடம் காட்டுங்கள். புகையிலையை முன்பு மென்றவர்களும் புகைத்தவர்களும் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

குறைபாடு 4: விரைவில் கறுக்கும் காயில்

இனிப்பு மிகுந்த திரவங்களைப் பயன்படுத்துவோரின் காயில் சில நாட்களிலேயே கறுத்துப் படிவு கட்டுகிறது. சுவைக்காகச் சேர்க்கப்படும் சுக்ராலோஸ் போன்ற இனிப்பூட்டிகள் சூட்டில் ஆவியாகாமல் சிதைந்து, பாகு கருகியதைப் போலக் கம்பியில் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த ஒவ்வோர் இழுப்பிலும் அப்படிவு மீண்டும் மீண்டும் சுடப்படுகிறது. காயிலில் ஒட்டியது கண்ணுக்குத் தெரிகிறது. சிதைந்து காற்றோடு சென்ற பகுதி தெரிவதில்லை.

கறுத்த காயிலை அடிக்கடி மாற்றினால் தூய்மையாக இருக்கும் என்று பலர் நம்புகின்றனர். 2018இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு இந்த நம்பிக்கைக்கு இடந்தரவில்லை. 56 பேர் நாள்தோறும் பயன்படுத்திய கருவிகளை அவ்வாய்வாளர்கள் சோதித்தனர். குப்பியில் இருந்த திரவத்தில் மிகக் குறைவாக இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள், காயிலைக் கடந்து வந்த நுண்துளிப் படலத்தில் பன்மடங்கு கூடியிருந்தன. காயிலை அடிக்கடி மாற்றுவோரின் கருவிகளில் உலோக அளவு கூடுதலாகக் காணப்பட்ட போக்கையும் அவர்கள் குறிப்பிட்டனர். சூடேறும் கம்பியும் அதன் இணைப்புகளுமே இவ்வுலோகங்களின் தோற்றுவாய். ஈயம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும்; நிக்கலையும் குரோமியத்தின் சில வடிவங்களையும் நெடுங்காலம் சுவாசிப்பது நுரையீரல் புற்றுநோயுடன் தொடர்புடையது.

குறைபாடு 5: புகை வராமை, கருவி சூடாதல்

காயிலின் முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டாலோ, இணைப்பில் திரவம் புகுந்துவிட்டாலோ மின்சுற்று பழுதாகிறது. சில நேரம் கருவி இயங்காது; சில நேரம் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அது தீப்பற்றி வெடிக்கக்கூடும். சட்டை, காற்சட்டைப் பைகளில் வெடித்துத் தொடையிலும் கையிலும், வாயருகே வெடித்து முகத்திலும் ஆழ்ந்த தீக்காயங்கள் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உப்பிய, சூடாகும், கசியும் பேட்டரி உள்ள கருவியைப் பையிலோ தலையணை அடியிலோ வைக்காதீர்கள், தீயில் போடாதீர்கள், திறந்து பழுதுபார்க்க முயலாதீர்கள். மின்கழிவு சேகரிப்பில் ஒப்படைப்பதே முறை.

சுவை எச்சரிக்காத தீங்குகள்

மேற்கூறிய ஐந்திலும் உடலுக்கு ஏதோ ஓர் அறிகுறி கிடைக்கிறது. கருகல் நாக்கில் தெரிகிறது. கசிவு கையில் தெரிகிறது. சூடு விரலில் தெரிகிறது. ஆனால் உலோகங்களுக்கு அந்த அளவில் சுவை இல்லை. சிறிதளவு ஆல்டிஹைடுகளை இனிப்பும் புதினாவும் மறைத்துவிடுகின்றன. நிகோடினின் தொண்டைக் கரிப்பும்கூட, நிகோடின் உப்பு எனப்படும் வடிவில் மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அதனால் மிகுந்த அளவையும் இருமலின்றி இழுக்க முடிகிறது. எனவே கருவி பழுதின்றி இயங்குகிறது என்பதற்கும் நுரையீரல் நலமாக இருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. புதிய காயில் எச்சரிக்கையைத்தான் அகற்றுகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு 2019இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. வேப் பயன்படுத்திய இளைஞர்கள் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகவும், 68 பேர் இறந்ததாகவும் அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. அவர்களுள் பெரும்பாலோர் கஞ்சாச் சாறு கலந்த திரவங்களை முறைசாரா வழிகளில் பெற்றவர்கள். நோயாளிகள் 51 பேரின் நுரையீரலிலிருந்து எடுக்கப்பட்ட திரவத்தில், 48 பேரிடம் வைட்டமின் இ அசிட்டேட் என்னும் எண்ணெய்ப் பொருள் கண்டறியப்பட்டது. விழுங்கினாலும் தோலில் பூசினாலும் பெரும்பாலும் தீங்கு செய்யாத ஒரு பொருள், சுவாசிக்கப்பட்டபோது உயிரைப் பறித்தது. அவர்களது கருவிகள் பழுதானவை அல்ல.

"வெளிநாட்டில் மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்களே?"

நியாயமான கேள்வி. இங்கிலாந்தில், சிகரெட்டை விட முடியாத வயதுவந்தோர் அதனைக் கைவிட மின்சிகரெட்டை ஒரு வழியாகப் பயன்படுத்தலாம் என்பது அந்நாட்டு நலவாழ்வுத் துறையின் நிலைப்பாடு. எரியும் புகையிலையைவிட இதில் நச்சு குறைவு என்பதே அதன் அடிப்படை. ஆனால் அங்கு ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது என்பன போன்ற வரம்புகள் சட்டத்தில் உள்ளன. புகைக்காதவர்களும் சிறுவர்களும் தொடவே கூடாது என்பதும் அதே துறையின் அறிவுரைதான். இங்கோ கிடைப்பவை அனைத்தும் மறைவாக வருபவை. குப்பியில் அச்சிடப்பட்டிருப்பது உள்ளே இருக்கிறதா என்று சோதிப்பார் எவருமில்லை. ஒருபோதும் புகைத்திராத கல்லூரி மாணவருக்கு அந்தப் பரிந்துரை எவ்வகையிலும் பொருந்தாது. சிகரெட்டையும் வேப்பையும் மாறி மாறிப் பயன்படுத்துவோருக்கு இரண்டின் தீங்கும் சேர்கிறது.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

மின்சிகரெட் பயன்படுத்தும் ஒருவருக்குக் கீழ்க்கண்டவற்றுள் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம்.

• நாளுக்கு நாள் கூடும் மூச்சுத்திணறல் அல்லது இருமல்
• ஒருபக்க நெஞ்சில் திடீரென எழும் கூர்மையான வலி
• இருமலுடன் குருதி
• காய்ச்சலுடன் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. இவை நுரையீரல் பாதிப்பின் முதல் அடையாளமாகவும் இருக்கக்கூடும்
• விரலில் பொருத்தும் கருவியில் ஆக்சிசன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழ் காட்டுதல்
• படபடப்பு, மயக்கம், வலிப்பு

வந்தவுடன் வேப் பழக்கத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். அதனை மறைத்தால் இப்பாதிப்பு நிமோனியா போலவே தோன்றும். கிருமிக்கான மருந்துகளிலேயே பொன்னான நாட்கள் கழிந்துவிடும். சிகிச்சைக்காக நீங்கள் கூறுவது சிகிச்சைக்கு மட்டுமே பயன்படும். பெற்றோர் முன் சொல்லத் தயக்கமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

விட விரும்புவோருக்கு

நிகோடினை நிறுத்திய முதல் மூன்று நாட்களே மிகக் கடினமானவை. எரிச்சல், உறக்கமின்மை, பசி, கவனமின்மை ஆகியவை தோன்றி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணியும். இழுக்க வேண்டும் என்னும் வேட்கை எழும்போது அது பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குத் தண்ணீர் அருந்துங்கள், எழுந்து நடங்கள், ஒருவரை அழைத்துப் பேசுங்கள்.

தன் முயற்சி போதாதபோது மருந்து உண்டு. நிகோடின் சூயிங்கத்தைச் சாதாரணச் சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, பின்னர்க் கன்னத்தின் உட்புறத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பு முதல் தேநீர், காப்பி அருந்தாதிருப்பது நல்லது. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டைகளும், வேட்கையைக் குறைக்கும் மாத்திரைகளும் உள்ளன. எவருக்கு எது, எந்த அளவில் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கும் கருவுற்றோருக்கும் இது மிகவும் இன்றியமையாதது. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணான 1800-11-2356ஐக் கட்டணமின்றி அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல். கருவியைக் கண்டெடுத்த அன்றே உரத்த விசாரணை நடத்தினால், அடுத்த கருவி இன்னும் ஆழமாக ஒளித்து வைக்கப்படும். மூளை இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டிருப்பதால், இளையோரிடம் நிகோடின் அடிமைத்தனம் விரைவாகவும் வலுவாகவும் வேரூன்றுகிறது. உங்கள் பிள்ளை விட முடியாமல் திணறுவது ஒழுக்கக்கேடு அன்று. சிகிச்சை தேவைப்படும் நிலை. எப்போது தொடங்கியது, ஒரு நாளில் எத்தனை முறை, விட முயன்றபோது என்ன ஆயிற்று என்று அமைதியாகக் கேளுங்கள். பிறகு இருவருமாக எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது அந்தக் கருவியையும் திரவக் குப்பியையும் எடுத்து வந்தால், உடலுக்குள் சென்றது எது என்பதை அறிந்து சிகிச்சையைத் தொடங்க எங்களுக்கு அது உதவும்.